சோத்தாங்கைப் பக்கம்

பூர்ணிமா என்ன வேலை பார்க்கிறாள் என்று விருத்தாசலத்தில் அவள் தெருக்காரர்கள் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அம்மாவைக் கேட்டால், "கட்டம் போடுறா" என்பாள். ஜாதகக் கட்டமா என்று கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. செல்போன் ஆப்பில் எந்தப் பொத்தான் பக்கத்தில் பக்கத்தில் வரணும், எது ஒன்றன் கீழ் ஒன்றாக வரணும் என்று அடுக்கிக் கொடுப்பதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. அப்பா போன பிறகு சென்னையை விட்டு வந்தவள். அஞ்சு வருஷமாக வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். பிடிவாதக்காரி என்று பெயர். பிடிவாதம் பிடிக்க வேண்டிய ஒரே இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டாள் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

உள்ளூர் செராமிக் கம்பெனி ஒன்றுக்கு அவள் ஆபீஸில் ஆப் செய்தார்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்கே கூலிக்குப் போகிறவர்கள் போனில் அது கிணிங் என்று அடித்து, 'நாளைக்கு வேலை?' என்று கேட்கும். வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பொத்தான். தொடர்ந்து மூன்று நாள் வேண்டாம் என்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பூர்ணிமா இரண்டையும் மேலும் கீழுமாகத்தான் வைத்திருந்தாள். சென்னையிலிருந்து மேனேஜர் கோகுலகிருஷ்ணன், "இடம் வீணாவுது, ஒரே வரிசையில போட்டுடு" என்றார். தமிழ் வார்த்தை நீளம் சார், சின்னப் போனில் இடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தவள், எதற்கு வம்பு என்று அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டாள். தன் போனில் பார்த்தாள். லட்சணமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் நாலரை மணி வாக்கில் எதிர்வீட்டு வீராயி வந்தாள். அந்தக் கம்பெனியில் சூளைக்குப் பொம்மை அடுக்குகிறவள். புருஷன் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள்.

"பேர எடுத்துட்டாங்க பாப்பா. மொத நாளு, இன்னைக்கு உனக்கு வேலை இல்லன்னு வாட்ச்மேன் திருப்பிட்டாரு. ஆர்டர் கம்மி போலன்னு வந்துட்டேன். மூணு நாளும் அதே கதைதான். இன்னைக்குப் போனா பேரே இல்லங்கறாங்க. நானு தெனமும் வேலை கேட்டுத்தானே அமுக்கினேன்?"

பூர்ணிமா அவள் போனை வாங்கினாள். பார்வை மங்கல் என்று எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருந்தாள் வீராயி. தன் போனிலும் அதே அளவு வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள் பூர்ணிமா. இடது பொத்தானில் 'வேண்…'. வலது பொத்தானிலும் 'வேண்…'. மிச்ச எழுத்துக்குக் கட்டத்தில் இடம் இல்லை.

"எத அமுக்குனீங்க அத்தை?"

"ரெண்டும் ஒண்ணாட்டம் இருந்துச்சு. சோத்தாங்கைப் பக்கம் இருந்தத அமுக்கினேன். நல்ல காரியத்துக்கு யாராச்சும் பீச்சாங்கைப் பக்கம் கைய வைப்பாங்களா?"

வலது பக்கம் இருந்தது வேண்டாம்.

உள்ளே போய் மேனேஜருக்குப் போன் போட்டாள். "அவங்க எடத்துக்கு வேற ஆளப் போட்டாச்சாம். மூணு தடவ வேண்டாம்னு அமுக்கினது அவங்கதானே? நம்ம தப்புன்னு வெளிய சொல்லிடாத, உன் வேலையும் போயிடும்" என்றார்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் வெளியே வந்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கும் பயம்தான்.

"விடு பாப்பா, என் கண்ணுதான் சரியில்ல போல" என்றாள் வீராயி. "படிச்ச புள்ளைங்க செஞ்சது தப்பாவா இருக்கும்?"

அதைக் கேட்ட பிறகு பூர்ணிமாவால் முடியவில்லை. "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குது அத்தை. அந்தக் கட்டத்தப் போட்டது நான்தான். இடம் பத்தாதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

வீராயி தன் போனைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "இப்ப மாத்த முடியுமா?" என்றாள்.

ரெண்டு நிமிஷ வேலை. மேலும் கீழுமாக மாற்றிக் காட்டினாள். வீராயி விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "வேண்-டும். வேண்-டாம். நல்லாத் தெரியுது பாப்பா."

அப்போது மணி அஞ்சு ஆனது. தெருவில் அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் போன் கிணிங் கிணிங் என்றது. வீராயி மடியிலிருந்த தன் போனைப் பார்த்தாள். அது மட்டும் அடிக்கவில்லை. அப்புறம் எழுந்தாள்.

போயிட்டு வரேன் என்று சொல்லாமல் வீராயி அந்தத் தெருவில் எந்த வீட்டுப் படியையும் இறங்கியதில்லை. அன்றைக்கு இறங்கினாள்.