பறித்த நாற்றும் எங்கள் வரிசையும்

எங்கள் காலனிப் பெண்கள் ஓட்டுப் போடப் போவது எப்போதும் பிற்பகலில்தான். சாவடி ஊர்த் தெருப் பள்ளியில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் போட்டு முடித்த பிறகு நாங்கள் போவது வழக்கமாகிவிட்டது. போன தேர்தலில் நடவும் அதோடு சேர்ந்துகொண்டது. சேற்றுக் காலோடு ஓடி வந்தவர்கள் போய்ச் சேர்வதற்குள் நேரம் முடிந்து கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த முறை காலையிலேயே கூட்டிப்போகாமல் விடுவதில்லை என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். மகளிர் சங்க வேலை என்று பெயர், உண்மையில் நச்சரிப்பு.

எல்லாரும் சரி என்றார்கள். தேர்தலுக்கு முதல் நாள் சாயங்காலம் பார்த்தால், ஊர்ப் பண்ணைக்காரர் ஆள் வைத்து நாற்றைப் பறித்துக் கட்டுக்கட்டாக வரப்பில் போட்டிருக்கிறார். பறித்த நாற்று சித்திரை வெயிலில் தாங்காது. அதை வாட விட்டுவிட்டு வர எங்கள் பெண்களுக்கு மனசு வராது. அது அவருக்கும் தெரியும்.

நடவுக்கு ஆள் சேர்த்துப் போகும் அக்காவிடம் போய்க் கத்தினேன். "யக்கா, நாளைக்குக் காலையில வயல்ல எறங்கினீங்கன்னா போன தபா கதிதான்!"

"இன்னாத்துக்கு இப்டி குதிக்கிற? நாத்துக் கட்டத் தூக்கி வாய்க்கால்ல போட்டா கொஞ்ச நேரம் தாங்கும். ஓட்டப் போட்டுட்டு அப்டியே வயலுக்குப் போறோம்" என்றார்.

நான் நம்பவில்லை. விடிந்ததிலிருந்து எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. தெருமுனைக்கும் தண்ணீர் டேங்குக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவர்கள் வந்தார்கள், வேலைக்கு உடுத்தும் பழைய புடவையில், கையில் சோற்றுத் தூக்கோடு.

பெண்கள் வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. முன்னால் ஊர்ப் பெண்கள், பின்னால் நாங்கள். யாராவது ஒதுங்கச் சொன்னால் இவர்கள் ஒதுங்கிவிடுவார்களோ என்று எனக்கு ஒரே படபடப்பு. யாரும் சொல்லவில்லை. வெயில் ஏறியதும் பண்ணைக்காரரே வந்துவிட்டார்.

"இன்னும் இங்கியே நின்னுக்கினு கீறீங்களா? நாத்து வாடுதும்மா!" என்றவர் முன்னால் நின்ற ஊர்ப் பெண்களிடம் திரும்பினார். "இவங்கள மொதல்ல உள்ள வுடுங்க. நடவு கெடக்குது."

அவர்கள் ஒதுங்கினார்கள். எங்களுக்காக ஊர்க்காரர்கள் ஒதுங்கி நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "போக்கா, போ" என்று அக்காவின் முதுகைப் பிடித்துத் தள்ளினேன்.

அக்கா அசையவில்லை.

"வோணாங்கய்யா. ஒங்க அவசரத்துக்கு உள்ள போனா அது ஒங்க ஓட்டாப் பூடும். எங்க முறை வர்றப்ப நாங்க போறோம்."

என் கை அவர் முதுகிலேயே நின்றுவிட்டது. ஒதுங்கிய பெண்கள் பழைய இடத்துக்கு வந்தார்கள். பண்ணைக்காரர் வயல் பக்கம் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு ஆண்கள் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.