முறுக்குக்கு முன்னால் ஒரு சொல்

பேசாத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பது சௌந்திரத்தின் வேலை. மைசூரில் அதற்கென்றே படித்தவள். 1983இல் ஒருநாள் நாமக்கல்லில் பஸ் ஏறி, பரமத்தி வேலூரில் வெற்றிலைத் தோட்டம் வைத்திருந்த சென்னிமலையின் வீட்டுக்குப் போனாள். அவர் பேத்தி பூங்கொடிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை.

குழந்தைக்குக் காது நன்றாகவே கேட்டது. ஆனால் அவள் பாலைப் பார்த்தால் பால் வந்தது, பந்தைப் பார்த்தால் பந்து வந்தது. பத்துக் கைகள் முந்திக்கொண்டால் வாய்க்கு என்ன வேலை?

"எங்க ஊட்டுப் புள்ள எதையும் கேட்டு வாங்க வேண்டீதில்ல அம்மிணி," என்றார் சென்னிமலை பெருமையாக.

"அப்பறம் அவ எதுக்குங்க பேசோணும்?"

சௌந்திரம் தனக்கு வைத்த தட்டிலிருந்து ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒன்றை எடுத்துக் குழந்தையின் முன் பிடித்தாள். "தா" என்று சொல்லிக் காட்டிவிட்டுக் காத்திருந்தாள். பூங்கொடி கையை நீட்டினாள், காலை உதைத்தாள், அழுதாள். வீடே கூடிவிட்டது.

"பச்சப்புள்ளய இப்படியா ஏங்க வெக்கறது? மொதல்ல வெளிய போ!" என்று கத்திய சென்னிமலை, வேறொரு முறுக்கை எடுத்து நீட்டினார். சௌந்திரம் அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். அந்த ஊரில் அதுவரை யாரும் அவர் கையைப் பிடித்ததில்லை.

"போறனுங்க. இவ கேட்டதுக்கப்பறம் போறேன்."

பூங்கொடி இருவரையும் மாறி மாறி முறைத்தாள்.

"தா!"

சௌந்திரம் உடனே தன் முறுக்கைக் கொடுத்தாள். சென்னிமலை தன் கையிலிருந்த முறுக்கையும் பேத்தியிடம் நீட்டப் பார்த்தார். சௌந்திரம் பிடியை விடவில்லை.

"இருங்க. இதையும் அவளே கேக்கட்டும்."