படத்தில் சரியாகத்தான் இருந்தது

ஓசூரில் தொழிற்சாலை இயந்திரங்களுக்கான தொடுதிரைகளை வடிவமைப்பது என் வேலை. தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் இயந்திரத்தின் திரையைக் கணினியில் அழகாக வரைந்து முடித்தபோது, கோட் எழுதும் மஞ்சுநாத் சொன்னார்: "படத்துல நல்லாத்தான் இருக்குதுங்க மேடம். கோட் எழுதி மெஷின்ல ஒருதரம் ஓட்டிப் பாத்துட்டுக் குடுக்கலாங்க."

"கம்பெனில படத்தை ஓகே பண்ணிட்டாங்க. அப்படியே போட்டுக் குடுத்துடுங்க" என்றேன்.

திரையைப் பொருத்திய பத்தாம் நாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சாமல்பட்டிப் பெண்ணின் இரண்டு விரல்கள் அந்த இயந்திரத்தில் போயின.

மருத்துவமனையில் அவள் என்னிடம், "ஸ்கிரீன்ல கையை வைன்னு போட்டிருந்துச்சுக்கா. அதான் வெச்சேன்" என்றாள்.

அங்கிருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்தேன். நான் வரைந்த படத்தில் 'கையை வைக்காதீர்கள்' என்று முழுதாக இருந்த எச்சரிக்கை, இயந்திரத்தின் சின்னத் திரையில் இடம் போதாமல் 'கையை வை' என்பதோடு வெட்டுப்பட்டு நின்றது. ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

எழுத்தை உடனே சரிசெய்துவிட்டோம். ஆனால் விசாரணைக்கு வந்தவர்கள் திரை சரியாக இருப்பதைப் பார்த்து, விபத்துக்கு அவளுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதினார்கள். மஞ்சுநாத் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்காமல் நான் எதையும் கொடுப்பதில்லை. ரொம்பப் பொறுப்பானவள் என்று அலுவலகத்தில் பாராட்டுகிறார்கள். அப்போதும் நான் வாய் திறப்பதில்லை.