பீரோவைக் கழற்றாமல் ஏற்றியவர்

என் அக்கா வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் கெர்னல்தான். கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கிடந்துகொண்டு எல்லா வேலைக்கும் இடம் ஒதுக்கித் தருகிற நிரல் அது. நினைவகம் நிரம்பினால், அதில் யாரும் தொடாமல் கிடக்கும் தகவல் கட்டுகளை, பக்கங்கள் என்பார்கள், டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். பெரிய பக்கமாக இருந்தால் முதலில் சுக்குநூறாக உடைத்து, அப்புறம் துண்டு துண்டாகத் தள்ளும். அதுதான் மாமாவுக்குப் பொறுக்காது.

"பீரோவைப் பரண்ல ஏத்த எவனாவது பலகை பலகையா கழட்டுவானா மாப்ளே? அப்படியே தூக்கி வைக்கணும்."

"முதல்ல சாப்பிட்ட தட்டைத் தூக்கி வைங்க," என்பாள் அக்கா.

பெரிய பக்கத்தை உடைக்காமல் தள்ளுவதற்கான திருத்தத்தைத் தலைகீழாக நின்று எழுதி முடித்தார். அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் ஆள்குறைப்புப் பேச்சு. ஐம்பதைத் தாண்டியவரை எவன் எடுப்பான்? இது கெர்னலில் சேர்ந்துவிட்டால் வேலை நிலைக்கும் என்று மானேஜரே சொல்லியிருந்தார்.

கெர்னல் உலகத்துக்கே பொது; அதில் எதைச் சேர்ப்பதென்றாலும் ஊரறிய மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கெர்னலில் அந்தப் பகுதியின் பொறுப்பாளர் ஒரே வரியில் பதில் போட்டார்: இவ்வளவு பெரிதாக வந்தால் படிக்க முடியாது, சின்னச் சின்னதாக உடைத்து அனுப்புங்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

"அவங்க சொல்றதும் நியாயம்தான். உடைச்சாத்தானே தப்பு கண்ணுல படும்?"

நல்ல மனுஷன். அவரைப் பிடித்த சனியனே அதுதான்.

உடைத்தார். ஒரு பெயர் மாற்றம், ஒரு வரி இடமாற்றம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாம் பீரோ போக வாசலை அகலப்படுத்துகிற வேலை. பெரிய பக்கத்தை முழுசாகத் தள்ளச் சொல்லும் கடைசித் துண்டு மட்டும் பாக்கி. அதற்குள் அக்காவுக்கு ஆபரேஷன். மாமா ஆஸ்பத்திரி வராந்தாவே கதியென்று கிடந்தபோது, வேறு கம்பெனிக்காரன் ஒருவன் அந்தக் கடைசித் துண்டைத் தானே எழுதி அனுப்பிவிட்டான். வாசல்தான் திறந்து கிடந்ததே! திருட்டு என்றும் சொல்ல முடியாது. அங்கே யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். புதிய வசதி அவன் பெயரில் வெளிவந்தது.

மானேஜர் மாமாவைக் கூப்பிட்டார். "சார், நிறைய செஞ்சிருக்கீங்க. ஆனா எல்லாமே சின்னச் சின்னத் திருத்தம். பெருசா ஒண்ணும் காணோமே."

அவ்வளவுதான், சீட்டைக் கிழித்துவிட்டார்கள். மாமா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாராம். நானாக இருந்தால் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தார். படுக்கையில் இருந்த அக்கா தலையை மட்டும் தூக்கினாள்.

"என்னங்க, பீரோ ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சும்மா."

"அப்பாடா! இனிமே வேலைக்குப் பயமில்ல."

மாமா என்னைப் பார்த்தார். நான் அக்கா சாப்பிட்ட தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.