எட்டுச் சிலிண்டர்

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், யானை மிதித்த வயல் ஒன்றைப் பார்த்து அறிக்கை எழுதப் போனபோதுதான் அவரைச் சந்தித்தேன். வயல் அவருடையது. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், நகக்கண்ணெல்லாம் கிறீஸ். வரம்போரம் மரக்குற்றிகளின் மேல் பழைய அமெரிக்கக் காரின் எஞ்சின் மட்டும் இருந்தது. கார் எப்போதோ உக்கிப் போய்விட்டதாம். யானையை விரட்டவென்று பொழுதுபடுகிற நேரம் தினமும் அதை ஸ்டார்ட் செய்வார்.

எனக்காகவும் செய்தார். வயலே அதிர்ந்தது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“இந்தச் சத்தத்துக்கும் யானை ஓடேல்லையோ, ஐயா?”

“முதல்ல ஓடினதுதான் தம்பி. இப்ப கேக்க வருது. அந்தப் பாலை மரத்தடியில நிண்டு கேட்டுட்டு, போகேக்க நெல்லையும் திண்டிட்டுப் போகுது.”

“அப்ப ஸ்டார்ட் பண்ணாமல் விடுங்கோவன்.”

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எட்டுச் சிலிண்டர், தம்பி. யானைக்கே விளங்குது.”

படிவத்தில் ‘சேதத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் ‘யானை’ என்று எழுதிவிட்டு வந்தேன். ‘ரசிகர்கள் இருவர்’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.