சனிக்கிழமை உரையில் கேட்காமல் போன நாலு நிமிடம்

சனிக்கிழமை பதினோரு மணி என்றால் அந்த வீட்டில் மிக்சி ஓடக்கூடாது. பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கத்தின் இணைய உரை அந்த நேரத்தில்தான். அப்பா பத்தே முக்காலுக்கே தேய்த்த சட்டையோடு கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். கீழே முழங்கால் வெளுத்த பைஜாமா. மேல் பாதி ஆபீசு, கீழ் பாதி ஆஸ்பத்திரி என்பாள் அம்மா.

அவர் நகரக் குடிநீர் வாரியத்தில் முப்பத்து நாலு வருடம் இன்ஜினியராக இருந்தவர். படித்த காலத்தில் தோழர்கள் வைத்த பெயர் டவுட்டு. எந்த வகுப்பு முடிந்தாலும் அவருக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. விண்கல் பற்றிய உரையோ, பழைய நாணயம் பற்றியதோ, மாதக் கடைசி வினாடி வினாவோ, எதையும் தவறவிடமாட்டார். கேள்வியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, தன் முறை வந்ததும் தலை நிமிராமல் வாசிப்பார். பம்பு நிலையத்தில் ஷிப்ட் மாறும்போது பதிவேட்டை அப்படித்தான் வாசிப்பார்கள். வாசிக்கும்போது தன் குரலே காதில் முட்டுகிறது என்று ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்.

மகள் ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் இயந்திரம் பழுது பார்ப்பவள். கணினியும் இணைப்பும் அவள் பொறுப்பு. போன மாதம் புது ஹெட்போன் வாங்கிக் கொடுத்தாள். அதன் வயரில் மைக்கை அணைக்கும் சின்ன சுவிட்ச் ஒன்று இருந்தது. அதை அப்பாவுக்குக் காட்ட விட்டுப்போனது.

சங்கத்திலும் மைக்குக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒருமுறை அப்பாவின் வகுப்புத் தோழர் ஒருவர், மைக் திறந்திருப்பது தெரியாமல் மனைவியிடம், "இந்த ஆளு இன்னைக்கு முடிக்க மாட்டான், நீ சாப்பாட்டப் போடு" என்று சொல்லிவிட்டார். பேச்சாளர் உட்பட இருநூறு பேர் கேட்டார்கள். அன்றிலிருந்து எல்லோர் வாய்க்கும் பூட்டு. கேள்வி கேட்பவருக்கு மட்டும் சங்க அலுவலகப் பெண் திறந்துவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை பேசியவர் ஒட்டகம். உயரத்தால் வந்த பெயர். அப்பாவோடு ஒரே விடுதி அறையில் இருந்தவர், ஓய்வு பெற்ற பேராசிரியர், இப்போது சங்கத் தலைவர். தலைப்பு, இயந்திரக் கூடங்களில் மனிதத் தவறுகள். மூன்றாவது படம் வந்ததும் அப்பா திரையை நோக்கிச் சாய்ந்தார். தண்ணீரில் மூழ்கிய பம்பு அறை. அவர் வேலை பார்த்த அறை.

ஒட்டகம் சுருக்கமாகத்தான் சொன்னார். முப்பத்தோரு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. மேலே ஏற்றிய தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து மூன்றாவது பம்பை எதிர்த்திசையில் சுழற்றி உடைத்தது. பாதி நகரத்துக்கு ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. ஆபரேட்டர் கைவால்வை நேரத்துக்கு மூடவில்லை என்று விசாரணையில் முடிவானது. அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த விசாரணையை நடத்தி அறிக்கை எழுதியதும் ஒட்டகம்தான்.

அப்பா எழுத ஆரம்பித்தார். பக்கத்தைத் திருப்பியும் எழுதினார். தண்ணீர் வைக்க வந்த மகள் அறை வாசலில் நின்றாள். அவர் முறை வந்தது. ஹெட்போனை இழுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"அந்த ஆபரேட்டர் மேல தப்பே இல்ல. தண்ணியத் திரும்ப விடாமத் தடுக்கிற வால்வு மூணாவது பம்புல சிக்கிக்கிட்டு நிக்குதுன்னு ஒரு வாரம் முன்னாடியே எனக்கு போன்ல சொன்னார். வேற வால்வு வர்ற வரைக்கும் ஓட்டுங்க, நான் பாத்துக்கறேன்னு நான்தான் சொன்னேன். எழுத்துல எதுவும் குடுக்கல. விசாரணையில என்னைக் கேட்டாங்க. ஞாபகம் இல்லன்னேன். நல்லா ஞாபகம் இருந்துச்சு."

அதற்கு மேலும் இருந்தது. தேதி, வால்வின் எண், ஆபரேட்டரின் முழுப்பெயர். நாலு நிமிடம் வாசித்தார். பழுது கண்டுபிடிப்பதே மகளின் தொழில். அன்று அவள் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிர்ந்து ஹெட்போனை மாட்டியபோது வேறு யாரோ பாலங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐயாவின் குரல் வரவில்லை, அடுத்தவருக்குப் போகிறோம் என்று அலுவலகப் பெண் எழுதிப் போட்டிருந்தாள். ஹெட்போனை இழுத்ததில் வயரில் இருந்த சுவிட்ச் நகர்ந்திருந்தது.

உரை முடிந்ததும் ஒட்டகமே போன் செய்தார். அறை முழுக்கக் கேட்கும் குரல். "என்னடா டவுட்டு, வாய் மட்டும் அசையுது, ஊமைப் படம் மாதிரி? என்ன கேட்டே?"

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு, "ஒண்ணுமில்லடா. நல்லா பேசினே" என்றார்.

சாயங்காலம் அந்தத் தாளோடு அவளிடம் வந்தார். இதை டைப் பண்ணிச் சங்கத்துக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டார். அவளுக்கு அவருடைய ரத்த அழுத்தம் நினைவுக்கு வந்தது. வருகிற சனிக்கிழமைகளும் நினைவுக்கு வந்தன. இருநூறு பேர் இருக்கும் திரையில் இனி அவர் எந்த முகத்தோடு உட்காருவார்?

"விடுங்கப்பா. முப்பத்தோரு வருஷம் ஆச்சு. இப்ப யாரு கேக்கப் போறாங்க?"

அவர் தலையாட்டினார். தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காலையில் குப்பை வண்டி வந்து போனது.

மூன்றாவது வாரம் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அவள் பழுது பார்த்த இயந்திரத்தில்தான் அவர் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படம் தெளிவாக இருந்தது. ஒன்றும் செய்வதற்கில்லை என்பதும் தெளிவாகவே தெரிந்தது.

சங்கம் அடுத்த சனிக்கிழமையை அஞ்சலிக்கு ஒதுக்கியது. மகளுக்கு ஐந்து நிமிடம். முதலில் பேசிய ஒட்டகம் பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டவுட்டு வாயிலேருந்து ஒரு பொய் வந்து நான் கேட்டதில்ல" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மகளுக்கு மைக் திறந்தது. அப்பாவின் சனிக்கிழமைகளைப் பற்றி ஒரு நிமிடம் சொன்னாள். பிறகு அவர் வாசித்ததை, நினைவில் நின்ற அளவுக்கு, அப்படியே சொன்னாள். சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்த முகங்கள் அசையவில்லை. ஒட்டகம் கோபப்படவில்லை. "துக்கத்துல இருக்கேம்மா நீ. இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அப்பா பேசும்போது கேட்காமல் போனது, அவள் பேசும்போது எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது.

கணினியை மூடியதும் அம்மா கேட்டாள். "போனவர் தலையில ஏன்டி கல்லத் தூக்கிப் போடறே?" அதற்குப் பிறகு இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

திங்கட்கிழமை அஞ்சலிக் கூட்டத்தின் பதிவு வெளியானது. மகள் பேசிய ஐந்து நிமிடம் ஒரே நிமிடமாகச் சுருங்கியிருந்தது. போன் செய்து கேட்டாள். அலுவலகப் பெண் பாவம், மென்று விழுங்கினாள். ஒலி சரியில்லாத இடங்களைத் தலைவர் எடுக்கச் சொன்னார் என்றாள். ஒலி சரியாகத்தான் இருந்தது. மகள் பேசுவதற்கு முன் மூன்று முறை சோதித்திருந்தாள்.

பிறகு குடிநீர் வாரியத் தொழிற்சங்கத்தில் விசாரித்து ஆபரேட்டரின் வீட்டுப் போன் எண்ணை வாங்கினாள். எடுத்தது அவருடைய மகள். ஆபரேட்டர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இவள் சொன்னதை அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள். அழவில்லை, திட்டவும் இல்லை.

"எங்கப்பாவும் இதையேதாங்க சொல்லிச் சொல்லி வாய் ஓய்ஞ்சு போனாரு. வாயால சொன்னதெல்லாம் போதும். எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, நான் வாரியத்துக்குக் கொண்டு போறேன்."

போனை வைத்துவிட்டு மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். எந்தத் தேதியில், எந்த அறையில், எங்கே நின்று கேட்டாள் என்று எழுதினாள். அப்பா எழுதிய தாள் இருந்தது, கிழிப்பதைப் பார்த்தும் தடுக்கவில்லை என்று எழுதினாள். அனுப்பலாமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றது தான்தான் என்றும் எழுதினாள்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். தாளைப் பிடுங்கிவிடுவாள் என்று மகள் நினைத்தாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது பாதிதான்" என்றாள்.

மகள் அவளைப் பார்த்தாள்.

"விசாரணைக்குப் போற அன்னைக்குக் காலையில, உள்ளதச் சொல்லிடவான்னு என்னைக் கேட்டாரு. மூணு வயசுப் பொண்ண வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன், மறந்துபோச்சுன்னு சொல்லிடுங்கன்னேன். செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டாரு. அதையும் எழுது."

அன்று மூன்று வயதாக இருந்தவள் பேனாவை எடுத்தாள். தாளில் கையெழுத்துக்கு விட்ட இடம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அம்மா எழுந்து போய் இன்னொரு தாள் கொண்டுவந்து வைத்தாள்.