துளசி கையில் நின்ற தட்டு

அன்று என் எண்ணிக்கையில் பதினாறு பிள்ளைகள் சரியாக இருந்தார்கள். உண்மையில் ஒரு பிள்ளை வெளியே போயிருந்தான். அங்கன்வாடியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். பெருமைக்காக இல்லை.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கடைமடை. மேட்டூர் திறந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்கும்.

மையத்தில் துளசி என்று நாலு வயதுப் பெண் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைப்பது அவள் வேலை. ஒரே ஒரு தட்டை எடுத்துப் போவாள், பெயரைச் சொல்லி அந்தப் பிள்ளை முன்னால் வைப்பாள், அடுத்த தட்டுக்குத் திரும்பி வருவாள். நாலைந்தாக அடுக்கித் தூக்கச் சொன்னால் மாட்டாள். ஒன்று, இரண்டு சொல்லச் சொன்னால் மூன்றோடு வாயை மூடிக்கொள்வாள். எண் கற்பதற்கு முந்தைய படி இது, 'ஒன்றுக்கு ஒன்று பொருத்துதல்' என்று பயிற்சியில் சொன்னார்கள். நானும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் மனசுக்குள், மந்தமான பிள்ளைக்கு ஏதோ ஒரு வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் அம்மா மாலதி அன்று காலை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், எதுத்த வீட்டுப் புள்ள நூறு வரைக்கும் கடகடன்னு சொல்லுது. இவ இங்க தட்டுதான் வைக்கிறா. திங்கக்கெழமையிலேருந்து எல்.கே.ஜி. வேன்ல ஏத்திவிடப் போறேன். கோவிச்சுக்காதீங்க."

"உங்க இஷ்டம்மா" என்றேன். எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லையே என்றுதான் எரிச்சல்.

பதினொரு மணிக்கு "தண்ணி வந்துருச்சு!" என்று தெருவில் சத்தம். நானும் உதவியாளர் செல்வியும் கேட்டுக்கு ஓடினோம். சாலைக்கு அந்தப் பக்கம்தான் வாய்க்கால். நுரையும் சருகுமாகத் தண்ணீர் வருவதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கேட்டின் கொக்கியை நான் மாட்டவில்லை. தப்பு என்னுடையது.

சாப்பிட உட்கார வைத்ததும் தலைகளை எண்ணினேன். பதினாறு. பதிவேட்டிலும் பதினாறு. செல்வியின் அக்காள் மகள் நடுவில் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்ததை மறந்தே போனேன்.

துளசி மட்டும் ஒரு தட்டோடு நின்றாள்.

"எல்லாருக்கும் வச்சாச்சுல்ல? அது உன்னோடது, உக்காரு."

"இது கவினுக்கு."

"எண்ணிப் பாத்துட்டேன்டி, எல்லாரும் இருக்காங்க."

"கவின் இல்ல டீச்சர்."

அதட்டினேன். அப்போதும் அசையவில்லை. பிறகுதான் முகம் முகமாகப் பார்த்தேன். கவினைக் காணோம். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

கவின் வாய்க்கால் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, மிதந்து வந்த தென்னை மட்டையை இழுக்க எட்டிக்கொண்டிருந்தான். சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினேன். மட்டை போய்விட்டதே என்று அவன் அழுதான். நான் வேறு காரணத்துக்கு அழுதேன்.

திரும்பி வந்தால், துளசி அதே இடத்தில் நிற்கிறாள். அவள் கையில் அதே தட்டு. கவினை உட்கார வைத்ததும், "கவின்" என்று சொல்லி முன்னால் வைத்தாள். அதற்கப்புறம் போய்த் தனக்கு ஒரு தட்டு எடுத்து வந்தாள். இத்தனை நாள் என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது என்னவென்று அந்த நிமிடம்தான் தெரிந்தது. அந்தக் குழந்தையைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சாயங்காலம் இரண்டு அம்மாக்களிடமும் கொக்கி விஷயம் உட்பட எதையும் மறைக்காமல் சொன்னேன். கவின் அம்மா திட்டித் தீர்த்துவிட்டாள். வாங்கிக்கொண்டேன். மாலதி நம்ப முடியாமல் மகளைக் கேட்டாள்.

"டீச்சரே எல்லாரும் இருக்காங்கன்னு சொன்னாங்கல்ல, நீ ஏண்டி உக்காரல?"

துளசிக்குக் கேள்வியே புரியவில்லை.

"அவனுக்கு வைக்காம எனக்கு எப்புடிம்மா வைக்கிறது?"

மாலதி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "எல்.கே.ஜி. அடுத்த வருசம் பாத்துக்கலாம் டீச்சர்" என்றாள்.

அதன் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை நான் தலைகளை எண்ணியதே இல்லை. ஒரு முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, அது திரும்பி என்னைப் பார்த்த பிறகுதான் அடுத்த முகத்துக்குப் போவேன். இப்படிச் செய்தால் சோறு ஆறிவிடும் என்று புதிதாக வருகிறவர்கள் சொல்வார்கள். ஆறட்டும்.